மேளத்துக்காக நின்ற ரயில்

அந்தப் பாதையில் ரயில் ஓடிய காலமெல்லாம் ஊர்க்காரர்கள் அதை "நம்ம வண்டி" என்றுதான் சொன்னார்கள். சொந்தத்தில் ஒருவரைச் சொல்வதுபோல, செல்லமும் உரிமையும் கலந்த பேச்சு அது. மலையடிவாரத்துக் குவாரியிலிருந்து துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோவதற்காகப் போட்ட ஒற்றைத் தண்டவாளம். கல் தீர்ந்தது, குவாரிக்காரன் போய்விட்டான், தண்டவாளம் மட்டும் கிடந்தது. அதில் நாலைந்து பெட்டியைக் கோத்து ஆட்களை ஏற்றினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தில் ஊர் என்று ஒன்று முளைத்தது. ரயிலை நம்பி ஆலை வந்தது. ஆலையை நம்பிக் குடியிருப்பு வந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை வீடுகள். அந்தப் பக்கம் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேட்டு.

அந்தக் கேட்டுக்கு ஒரு காவல்காரி. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். எல்லோருக்கும் அவள் கேட்டக்காதான். அவளைவிட மூத்த லாரி டிரைவரும் "கேட்டக்கா" என்பான்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடும்.

அவளைப் "பெரியம்மா" என்று கூப்பிட வேண்டிய ஒரே ஒரு ஜீவன் இந்த உலகத்தில் இருந்தது. அது மட்டும் அவளை எப்படியும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். எத்தனையோ வண்டிகளைக் காக்க வைத்தவள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த கதை இது.

கேட்டு அறை என்பது ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வைத்தால் நிறைந்துபோகும் இடம். சுவரில் கைப்பிடி சுழற்றிப் பேசுகிற பழைய போன். மூலையில் சிவப்பும் பச்சையுமாகச் சுருட்டி வைத்த கொடிகள், ஒரு கைவிளக்கு. வெளியே இரும்புச் சக்கரம். அதைச் சுற்றினால் இரண்டு பக்கத்துத் தடுப்புக் கம்பமும் ஒன்றாக இறங்கும். இறங்கியதும் பூட்டு. பூட்டியதும் சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். ரயில் கடந்து, கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கிற பெருக்கல் குறியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி இடுப்பை விட்டு இறங்கும். கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்டவாளம் வளைந்து, மேட்டை வெட்டிய பள்ளத்துக்குள் மறைந்துவிடும். ஸ்டேஷன் அதற்கும் அப்பால். அங்கே வண்டி நிற்கிறதா, நகர்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. போனில் ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிற ஒரு சொல்தான் அவளுடைய கண்.

"கிளம்பிடுச்சு. கேட்டை மூடு."

அந்தப் பாதையின் பெருமையும் பாவமும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. நேரம் ஆனதும் மாஸ்டர் எல்லா இடத்துக்கும் "கிளம்பிடுச்சு" என்று சொல்லிவிடுவார். மேலிடத்துக்கு நம்ம வண்டி நேரம் தவறாத வண்டி. ஆனால் வண்டி கிளம்பியிருக்காது. காய்கறிக் கூடைக்காரிகள் ஓடிவருவார்கள், நிற்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார், நிற்கும். பால் கேன் ஏற்றக் கொஞ்சம், பழைய பயணி ஒருவருக்குச் செருப்பு அறுந்தால் அதற்கும் கொஞ்சம். எந்த ஊர் ரயில் இப்படி நிற்கும் என்று ஊரே பூரித்துப்போகும். மூடிய கேட்டின் இரண்டு பக்கமும் வெயிலில் வெந்தவர்களுக்கு அந்தப் பூரிப்பில் பங்கில்லை. அவர்களுடைய கோபம் போய்ச் சேருமிடம் கேட்டக்காவின் தலை.

"என்ன கேட்டக்கா, வண்டி வருதா? இல்ல, இனிமேதான் செய்யப் போறாங்களா?" என்பான் லாரிக்காரன்.

"ரெண்டு சக்கரம் குறையுதாம். உன் லாரியில இருந்து கழட்டிக் குடு, சீக்கிரம் வந்துடும்."

"எக்கா, பால் கெட்டுடும்க்கா. கொஞ்சமா தூக்கு, குனிஞ்சு ஓட்டிடுறேன்" என்பான் பால் வேன்காரன்.

"கெட்டா தயிர்னு சொல்லி வித்துடு. நீ விக்கிற பாலை விட அது கெட்டியாதான் இருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சாவி இடுப்பை விட்டு இறங்காது. எவ்வளவு கெஞ்சினாலும், கத்தினாலும், அம்மா மேல் ஆணையிட்டாலும் இறங்காது. அம்மா மேல் ஆணையிட்டால் கண்டிப்பாக இறங்காது.

ஏனென்றால் அவளுடைய அம்மா செத்ததே அந்தக் கேட்டில்தான்.

அப்போது அவள் தாவணி போட்ட வயசு. ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் டிராக்டரில் அவளுடைய அம்மாவும் இருந்தாள். கேட்டு மூடியிருந்தது. ஆலைச் சங்கு ஊதப் போகிறது, உள்ளே விடமாட்டார்கள், ஒருநாள் கூலி போய்விடும் என்று பெண்கள் கத்தினார்கள். பழைய கேட்டுக்காரர் நல்ல மனுஷர், இளகின மனசு. மாஸ்டரின் சொல்லுக்கு அவரும் பழக்கப்பட்டுப்போயிருந்தார். "கிளம்பிடுச்சுன்னு சொன்னா இன்னும் கூடை ஏத்துறான்னு அர்த்தம். போங்கம்மா, போங்க" என்று கம்பத்தைத் தூக்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்து ஸ்டேஷனில் புதிதாக வந்த ஒரு மாஸ்டர். அவர் கிளம்பிடுச்சு என்று சொன்னபோது வண்டி நிஜமாகவே கிளம்பியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கும் கை வரவில்லை. அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நசுங்காமல் முள்செடி ஓரத்தில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னவளை, தன் தங்கையை, அன்றிலிருந்து இறக்கி வைக்கவில்லை. அப்பா தண்டவாளம் பார்க்கும் கூலிக்காரர். மனைவி போன தண்டவாளத்திலேயே சுத்தியலோடு நடந்து நடந்து அவரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்குப் பதிலாக மகளுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கே? அதே கேட்டில்.

சக்கரத்தில் முதன்முதலாகக் கை வைத்த அன்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: மாஸ்டர் கிளம்பிடுச்சு என்று சொன்னால் கிளம்பிவிட்டது. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கண்டுபிடிக்கிற புத்திசாலித்தனம் எனக்கு வேண்டாம்.

சின்னவள் அந்தக் கேட்டு அறையில்தான் வளர்ந்தாள். கம்பத்தின் நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ரயில் வரும்போது அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பச்சைக் கொடியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்று அக்கா தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது தள்ளியே போனது. சின்னவளுக்கு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்தவரைப் பார்த்து முடித்தாள். வாய் சாமர்த்தியம் உள்ளவர், "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றி வருவார். குடியிருப்பிலேயே வீடு பிடித்தார்கள். தினமும் சின்னவள் கேட்டு வரைக்கும் நடந்து வந்து அக்காவோடு ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போவாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை.

"பொறக்கிறது உன்னை மாதிரி இருந்தா என்னக்கா பண்றது? தொட்டிலுக்கும் பூட்டுப் போடுமே!"

"போடட்டும். உன்னை மாதிரி பொறந்தா தொட்டிலை விட்டு எகிறிக் குதிச்சு ஓடும்."

அந்த நாளும் வந்தது.

மத்தியானம் சாய்ந்த நேரம். மாஸ்டர் போனில் கூப்பிட்டு, கிளம்பிடுச்சு என்றார். அவள் மூடினாள், பூட்டினாள், சாவியைச் செருகினாள். சற்றைக்கெல்லாம் பால் வேன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. எப்போதும் வம்பளக்கிற வேன்காரன் அன்று பின்பக்கம் கையைத்தான் காட்டினான். பின்னால் கேன்களை ஒதுக்கிவிட்டுப் போட்ட பாயில் சின்னவள் கிடந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"திடீர்னு வலி வந்துடுச்சு கேட்டக்கா. ரத்தம் நிக்கல. கேட்டைத் தொற, ஆஸ்பத்திரி இங்க இருக்கு!" என்றாள் தையல்காரம்மா.

ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் அங்கிருந்தே தெரிந்தது. அவள் கை இடுப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. வண்டி கிளம்பிவிட்டது, பள்ளத்துக்குள் வந்துகொண்டிருக்கும், எந்த நிமிஷமும் வளைவில் மூக்கை நீட்டும். முள்செடி ஓரத்தில் கிடந்த தூக்கு அவள் கண்ணுக்குள் வந்தது. ஓடிப்போய் போனைச் சுழற்றினாள்.

"மாஸ்டர், வண்டி எங்க வருது?"

"கிளம்பிடுச்சும்மா, கிளம்பிடுச்சு!" பின்னால் ஒரே சத்தமும் சிரிப்பும். "தொறந்து கிறந்து வச்சுடாதே!"

"மாஸ்டர், என் தங்கச்சி..."

போனை வைத்துவிட்டார்.

"தூக்கிட்டுப் போயிடலாம், கம்பத்துக்கு அடியில குனிஞ்சு போயிடலாம்" என்றாள் அக்கா. வேன்காரனும் அவளுமாகத் தூக்கப் பார்த்தார்கள். தூக்கியதும் சின்னவள் போட்ட அலறலில் கை தளர்ந்தது. பாய் நனைந்து சொட்டியது. "அசைக்காதீங்க, அசைச்சா இங்கேயே போயிடும்!" என்று தையல்காரம்மா கத்தினாள். மறுபடி போன். மறுபடி அதே சொல். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஒவ்வொரு நிமிஷமும் அவள் வளைவையே பார்த்தாள். சிவப்புக் கொடியைக் கொண்டுபோய் நடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வண்டி வந்துகொண்டிருக்கும்போது பள்ளத்துக்குள் எங்கே ஓடுவது? கால் திரும்ப வேனுக்கே வந்தது.

சின்னவள் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். வலியில் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, சின்ன வயதில் மிட்டாய் கேட்கிற குரலில், "அக்கா... தொறக்கா" என்றாள்.

"இதோ கண்ணு. இதோ வண்டி வந்துடுச்சு. போனதும் தொறந்துடுறேன்."

வண்டி வந்தது. வெகு நேரம் கழித்து வந்தது. அன்றைக்கு அது வந்த விதத்தை அவளால் சாகும்வரை மறக்க முடியாது. மேளச் சத்தத்தோடு வந்தது! ஒரு பெட்டிக்குள் யாரோ பேண்டு வாசித்தார்கள். பெரிய மேளம் திம்திம் என்று அதிர, கிளாரினெட் குதித்தது. ஜன்னலெல்லாம் கைகள். மூடிய கேட்டில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிக்கொண்டு போனார்கள். அவள் ஒரு கையில் பச்சைக் கொடியோடு நின்றாள். இன்னொரு கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை. தாயைப் பற்றி டாக்டரம்மா ஒரே வரிதான் சொன்னார்: "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

டீக்கடைக்காரர் அங்கே வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று சொன்னதும் அவர் முகம் ஒருமாதிரி வெளுத்தது. பிறகு அந்த வெளுப்பு அத்தனையும் கோபமாக மாறியது. எல்லோர் எதிரிலும் அவளைப் பார்த்துச் சொன்னார்:

"கூடப்பொறந்தவளுக்கே கேட்டைத் தொறக்கல இல்ல? இனி என் வீட்டுக் கதவும் உனக்குத் தொறக்காது. இந்தப் பிள்ளை உன் முகத்தைப் பார்க்காது."

சொன்னதைச் செய்தார். பிள்ளையைத் தன் அக்கா வீட்டில் விட்டு வளர்த்தார். பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளில், அம்மா எங்கே என்று அது கேட்ட நாளில், கேட்டைக் காட்டினார். ரயில்வேக்காரர்கள் கேட்டக்காவைப் பாராட்டி ஒரு மேடையில் நிறுத்தி, கடமை தவறாதவள் என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவள் அதைக் கட்டிலுக்கடியில் போட்டாள். அது ஓடி ஓடித் தானாகவே நின்றது.

அந்தப் பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோது கேட்டைக் கடந்துதான் போனாள். கேட்டக்கா ஸ்டவ்வை அப்படியே விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும். வளர்ந்து நர்ஸ் ஆனாள். அந்த வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரியிலேயே வேலை. கேட்டு மூடியிருந்தால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். சின்னவளின் அதே கழுத்து, அதே தோள். கேட்டக்கா சாவியைத் தடவிக்கொண்டு பார்ப்பாள். ராத்திரி படுத்தால் தனக்குத்தானே ஒரே நியாயத்தைச் சொல்லிக்கொள்வாள்: தொறந்திருந்தா வேனோட போயிருக்கும். வேன்காரன், தையல்காரம்மா, குழந்தை, எல்லாம். வண்டி கிளம்பிடுச்சே. நான் என்ன செய்வேன்? அவள் உயிர் வாழ்ந்தது சாப்பாட்டால் அல்ல, அந்த நியாயத்தால்.

ஒருநாள் அந்தப் பாதையையே மூடப் போகிறார்கள் என்று சேதி வந்தது. ஆலை படுத்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, நம்ம வண்டியில் ஏற ஆள் இல்லை. கடைசி ஓட்டத்துக்கு ஸ்டேஷனில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். ரிடையராகி எங்கோ இருந்த பழைய மாஸ்டரைக் காரில் அழைத்து வந்தார்கள். கேட்டுக்கு மாற்றாள் போட்டு, அவளையும் வரச்சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் டீக்கடைக்காரர், விழாக் கமிட்டிக்காரர் என்பதால் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டு ஓடியாடினார். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்த மகள் அவர் பக்கத்தில் வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். வயதானாலும் வாய்க்கு வயதாகவில்லை.

"நம்ம வண்டி மாதிரி ஒரு வண்டி எங்கயாவது உண்டா? மனுஷனுக்கு நிக்கும், கூடைக்கு நிக்கும். ஒரு தடவை மேளத்துக்கு நின்னுச்சு, தெரியுமா? பேண்டு செட்டுக்காரங்க எல்லாரும் ஏறிட்டாங்க. பார்த்தா, பெரிய மேளத்தைக் காணோம்! ஊர்லயே வச்சுட்டு வந்துட்டாங்க. மேளம் இல்லாத பேண்டு என்ன பேண்டு? ஒருத்தன் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பறந்தான். நான் சொன்னேன், நிக்கட்டும்யா, மேளம் வந்தாத்தான் வண்டி! டிரைவர் இறங்கி உட்கார்ந்துட்டார். ஊரே இறங்கி டீ குடிச்சுது. நம்ம டீக்கடைக்காரருக்குப் பால் தீர்ந்து தண்ணியைக் காய்ச்சி ஊத்தினார்!"

பந்தல் சிரித்தது. டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

"கடைசியில மேளம் வந்துச்சு. சைக்கிள்காரன் முதுகுல மேளம், ஆளே தெரியல, மேளத்துக்கு ரெண்டு கால் முளைச்ச மாதிரி! உடனே வாசிப்பு, கைதட்டல். வாசிச்சுக்கிட்டே கிளம்பிச்சுய்யா வண்டி!"

பின்வரிசையில் ஒரு நாற்காலி விழுந்தது. கேட்டக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"மாஸ்டர்... அன்னிக்கு நான் போன் பண்ணேனே."

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு, கேட்டக்காவா? நீ என்னிக்குத்தான் போன் பண்ணல?" மறுபடி சிரிப்பு.

"கிளம்பிடுச்சுன்னு சொன்னீங்க. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிளம்பிடுச்சுன்னே சொன்னீங்க."

"அட, அது சொல்றதுதானேம்மா! வண்டி நிக்குதுன்னு போன்ல சொன்னா என் வேலை என்னாகிறது? கிளம்பிடுச்சுன்னா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். லைன்ல பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே, உனக்குத் தெரியாதா?"

அவள் பார்வை டீக்கடைக்காரரிடம் போனது. அவர் சட்டென்று எழுந்து, "பால் பொங்குது" என்று முனகிக்கொண்டே பந்தலை விட்டுப் போகப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா. அம்மா செத்த அன்னிக்கு வண்டி மேளம் வாசிச்சுட்டுப் போச்சுன்னு தையல்காரம்மா சொல்லியிருக்காங்க. அது இந்த நாளா?"

"எந்த நாளோ. எனக்கென்ன தெரியும்?"

"வண்டி இங்கதான் நின்னுச்சா? நீங்க டீ ஊத்திட்டு இருந்தீங்களா?"

"எனக்கு ஜோசியமா தெரியும், உங்கம்மா கேட்டுல கிடக்கிறான்னு?"

"அப்ப தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம் தெரிஞ்சுதுல்ல?"

அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் யாரோ, "விழாவுல எதுக்கு அழுகைக் கதை, மைக்கை அடுத்தவர்கிட்ட குடுங்கப்பா" என்றார். கேட்டக்கா விழுந்த நாற்காலியை எடுத்து ஒழுங்காக வைத்தாள். பிறகு நடந்தாள்.

நடக்க நடக்க அவளுக்குள் ஒன்று உடைந்து உடைந்து விழுந்தது. இத்தனை வருஷம் அவளைத் தாங்கிய நியாயம் அது. வண்டி வரவில்லை. தண்டவாளம் சும்மா கிடந்தது. வேன் போயிருக்கலாம், போய் வந்திருக்கலாம், பால் கூட ஊற்றிவிட்டு வந்திருக்கலாம். அம்மாவைக் கொன்றதும் அந்தச் சொல்தான்: கேட்டுக்காரர் அதை நம்பவில்லை. தங்கையைக் கொன்றதும் அதே சொல்தான்: அவள் அதை நம்பினாள். நம்பினாலும் கொல்கிற, நம்பாவிட்டாலும் கொல்கிற ஒரு சொல்லைத்தான் ஊரே கைதட்டிச் சிரித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு வந்ததும் மாற்றாளை அனுப்பிவிட்டாள். கடைசி வண்டி என் கையால் போகட்டும் என்றாள். போன் அடித்தது, புது மாஸ்டர்.

"கிளம்பிடுச்சும்மா. கேட்டை மூடு."

பின்னால் பேண்டு சத்தம். போட்டோவுக்கு நிற்கச் சொல்லி யாரோ கத்துவது கேட்டது. கை பழக்கத்தில் சக்கரத்தைச் சுற்றியது, கம்பம் இறங்கியது. இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. நேரம் போனது. ஸ்கூட்டரில் வெள்ளை உடையும் வந்து நின்றது.

"என்ன கேட்டக்கா, கடைசி நாளும் எங்களைக் காய வைக்கணுமா?" என்றான் லாரிக்காரன்.

அவள் அறைக்குள் போய்ச் சிவப்புக் கொடியை எடுத்தாள். தண்டவாளத்தில் நடந்து, வளைவைத் தாண்டி, பள்ளத்துக்குள் வெகுதூரம் போய், ரயில்காரன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நடுவில் நட்டாள். திரும்பி வந்து பூட்டைத் திறந்து கம்பத்தைத் தூக்கினாள்.

"அட, கடைசி நாள்ல தாராளமா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் கடந்தார்கள். லாரி போனது, சைக்கிள்கள் போயின, கைவண்டி போனது. கடைசியில் சாலை காலியானது.

வண்டி வந்தது. கொடியைக் கண்டு பெருமூச்சு விட்டு நின்றது. ஹாரன் அலறியது. பேண்டு ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. டிரைவர் இறங்கிப் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு? தண்டவாளம் உடைஞ்சிருக்கா?"

"ஆள் கடக்கணும். நில்லுங்க."

"எந்த ஆளு? ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லையே!"

"கடக்கணும்" என்றாள் மறுபடி. திறந்த கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கூடைக்காக நின்ற வண்டி, மேளத்துக்காக நின்ற வண்டி, அன்று முதன்முறையாக அவளுக்காக நின்றது. கடக்க வேண்டியவள்தான் இல்லை.

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு இன்ஜினுக்குத் திரும்பினார். அப்போதுதான் அவள் கவனித்தாள்: ஸ்கூட்டர் போகவில்லை. வெள்ளை உடை அதை ஓரமாக நிறுத்திவிட்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிட்டே வந்து, முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தது. கண் இரண்டும் சிவந்திருந்தது. கேட்டக்காவின் இரண்டு கையும் தானாக முன்னே நீண்டன.

"ஒரு கொடியை நட்டா வண்டி நின்னுடுமா, பெரியம்மா?"

அவள் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப அன்னிக்கே நட்டிருக்கலாமே."

அவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதிலுக்குக் கொஞ்சம் நின்றும் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த கேட்டைக் கடந்து, வெள்ளைச் சுவர்ப் பக்கம் போய்விட்டாள். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கைகள் சக்கரத்தைப் பிடித்தன. கேட்டை மூடின, பூட்டின. பள்ளத்துக்குள் அவள் நடந்துபோனதும் சிவப்புக் கொடியைப் பிடுங்கின. பச்சைக் கொடியை விரித்துக் காட்டின. வண்டி மெல்லக் கடந்தது. கடைசிப் பெட்டியின் முதுகில் பெருக்கல் குறி தெரிந்தது. அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தாள். பிறகு சாவியை எடுத்தாள், கேட்டைத் திறந்தாள். திறந்தது, இனி மூடாது.

நம்ம வண்டியைப் பற்றி அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். மேளத்துக்காக நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசி நாளில், காலி ரோட்டுக்காக ரயிலை நிறுத்தி வைத்த பைத்தியக்காரக் கேட்டக்காவின் கதையை அதற்கு அடுத்ததாகச் சொல்லி, இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள்.